தெருவில் கேமராவை வெளியே எடுக்கவே பயம், எந்தக் கேமரா வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. படம் எடுக்க ரொம்ப நாளாக ஆசை. ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவர்கள், கோயில் வாசலில் பூக்கட்டுகிற கைகள், சைக்கிளில் துணி மூட்டை ஏற்றிப் போகிற தாத்தா என்று பார்க்கிறதெல்லாம் படமாகத் தோன்றுகிறது. சீட்டு எடுத்த பணம் 70,000 ரூபாய் கையில் இருக்கிறது. எட்டு மாதமாக யூடியூபில் ரிவ்யூ பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், தெருவில் கேமராவை வெளியே எடுக்கவே பயம். யாராவது திட்டினால்? எல்லோரும் திரும்பிப் பார்த்தால்? இதில் மட்டுமில்லை, பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்க, தெரியாத நம்பரிலிருந்து வரும் போனை எடுக்க, கடையில் விலை விசாரிக்கக்கூடத் தயக்கம்தான். நிக்கான் பி950 வாங்கினால் தெருமுனையில் நின்றே யாருக்கும் தெரியாமல் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். கொழுந்தனாரோ போனே போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

பி950 வேண்டாம்.

அது மோசமான கேமரா இல்லை. 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமான எட்டம், நிலாவின் பள்ளங்கள் வரை தெரியும், பறவை பார்க்கிறவர்களில் பலர் அதை ஆசையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் பறவையும் இல்லை, நிலாவும் இல்லை. மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அதுவும் கைகள், முகங்கள், டீ கிளாஸைப் பிடித்திருக்கிற விதம் என்று பக்கத்தில் நின்றால் மட்டுமே தெரிகிற விஷயங்கள். தெருமுனையிலிருந்து ஜூம் போட்டு எடுத்தால் பூக்கட்டுகிற கை பெரிதாக வரும், சரி, ஆனால் வெயிலில் அலையடிக்கிற சூடான காற்று, நடுவில் குறுக்கே போகிற பைக், ஜூம் நீள நீள வாங்கும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிற லென்ஸ், இது எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்தப் படம் வர வேண்டும். போதாததற்கு அதன் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குகிற சில்லு, ரொம்பச் சிறியது. நான் கீழே சொல்லப்போகிற கேமராக்களின் சென்சார் பரப்பு அதைப்போல சுமார் 12 மடங்கு. சாயங்காலம் ஆறரை மணிக்கு டீக்கடைக் குழல் விளக்கில் எடுக்கும்போது இந்த வித்தியாசம் படம் முழுக்கத் தெரியும்.

இன்னொன்று, ஒரு கிலோ எடையுள்ள அந்தக் கேமராவில் ஜூம் போட்டால் லென்ஸ் முன்னால் நீண்டு வரும். அதை ஒருவர் பக்கம் திருப்பிக்கொண்டு தூரத்தில் ஒரு பெண் நிற்பதை யாராவது பார்த்துவிட்டால் அவர்களுக்கு என்ன தோன்றும்? நாலடி தூரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவரை விட, ஒளிந்து நின்று எடுக்கிறவரிடம்தான் சண்டைக்கு வருவார்கள். எதற்குப் பயந்து அந்தக் கேமராவை வாங்குகிறீர்களோ அதையே அது கூட்டிக்கொண்டு வரும்.

நான் மனநல ஆலோசகர். விடுமுறை நாளில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தையிலும் கோயில் தெருக்களிலும் சுற்றுகிறவளும்கூட. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் படித்தேன், இரண்டு பக்கமும் ஒரே விஷயம்தான் கண்ணில் பட்டது. நீங்கள் எடுக்க நினைக்கிற படங்களை ஆசை தேர்ந்தெடுத்திருக்கிறது, வாங்க நினைக்கிற கேமராவைப் பயம் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஆசை சொல்கிற கேமராவை வாங்குங்கள். பயத்தைத் தனியாக, அதற்குரிய வழியில் பார்த்துக்கொள்வோம்.

எங்கள் தொழிலில் பாதுகாப்புப் பழக்கம் என்று ஒன்றைப் பற்றிப் பேசுவோம். பயப்படுகிற இடத்துக்குப் போவோம், ஆனால் ஏதோ ஒரு கவசத்தோடு போவோம். கண்டக்டரிடம் மீதி கேட்கப் பயம், அதனால் சரியான சில்லறை எண்ணி வைத்துக்கொண்டே பஸ் ஏறுவோம். தெரியாத நம்பர் என்றால் மணி அடித்து ஓயும்வரை காத்திருந்து, அப்புறம் "யார்?" என்று மெசேஜ் அனுப்புவோம். அந்த நேரத்துக்கு நிம்மதிதான். ஆனால் கண்டக்டர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்பதை மனசு கற்றுக்கொள்ளவே வாய்ப்பு கிடைப்பதில்லை. சில்லறை இருந்ததால் தப்பித்தோம் என்றுதான் அது கணக்கு எழுதிக்கொள்கிறது, அடுத்த முறை சில்லறை இல்லாமல் பஸ்ஸில் ஏறவே விடாது. நீங்கள் வாங்க நினைத்த ஜூமும் அப்படி ஒரு கவசம். எட்டு மாத ரிவ்யூவும் அதுவேதான். முடிவெடுக்காத வரைக்கும் தெருவில் இறங்க வேண்டியதில்லை அல்லவா? உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களில் மிகக் கெட்டிக்காரர்கள்தான் மிக நல்ல கவசங்களைச் செய்து வைத்திருப்பார்கள்.

இதற்கான வழி ரொம்பப் பழையது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறுகிற பீட்டர் என்ற சின்னப் பையனின் பயத்தைப் போக்கியதைப் பற்றி எழுதினார். அவன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் கலங்காத தூரத்தில் கூண்டோடு முயலை வைப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டத்தில் நகர்த்துவார்கள். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டான். 1950-களில் ஜோசப் வோல்பே இதை முறைப்படுத்தி, பயங்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்திப் படிப்படியாக ஏறுகிற ஒரு சிகிச்சையாகவே ஆக்கினார். இன்றைக்கும் நாங்கள் செய்வதில் பெரும்பகுதி அதன் வழித்தோன்றல்தான். முயல் திடீரென்று பையனின் மடியில் குதிக்கவும் இல்லை, கூண்டு அடுத்த அறைக்குப் போகவும் இல்லை, உங்களுக்கும் அதே கணக்குதான்.

உங்கள் படிகளைச் சொல்கிறேன், முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே போனில் ஆரம்பியுங்கள். காலையில் வாசலில் நின்று உங்கள் தெருவை எடுங்கள், கோலம், பால் பாக்கெட், கதவு எதுவானாலும் சரி, அக்கம்பக்கத்தார் பார்க்கட்டும். கேமரா வந்த பிறகு, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மளிகைக் கடைக்குப் போய் உளுந்து வாங்கி வாருங்கள். ஒரு படம்கூட எடுக்க வேண்டாம், பையில் மறைக்கவும் வேண்டாம். பயம் பத்துக்கு எத்தனை என்று கிளம்பும்போது ஒரு எண், திரும்பி வந்ததும் ஒரு எண், நோட்டில் எழுதுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், இது உங்களுக்குப் பிடிக்கும் என்று நம்புகிறேன். எட்டு என்பது நான்குக்கு இறங்கும்வரை அதே படியில் நில்லுங்கள், இறங்கியதும் அடுத்ததுக்குப் போங்கள். இதில் ஒரே ஒரு விதி முக்கியம், பயம் உச்சத்தில் இருக்கும்போது அந்த இடத்தை விட்டுக் கிளம்பாதீர்கள். உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அப்படியே ஓரமாக நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே இறங்கும். இறங்கிய பிறகு கிளம்புங்கள். உச்சத்தில் ஓடினால் ஓடியதால்தான் தப்பித்தோம் என்று ஆகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊத்துக்குளி சாலைப் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே கேமராவும் பைனாகுலரும் சகஜம், முழங்கை நீள லென்ஸோடு வருகிறவர்கள் இருப்பார்கள், உங்கள் சின்னக் கேமராவை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பறவை எடுக்க முயல வேண்டாம், அதற்கு 400 மி.மீ.க்கு மேல் லென்ஸ் தேவைப்படும், அது வேறு செலவு. கரையில் நிற்கிற மரம், தண்ணீரில் வெளிச்சம், நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், இது போதும். வெளியிடத்தில் கேமராவைக் கண்ணுக்குத் தூக்குகிற பழக்கம் உடம்புக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் தெரிந்தவர்கள். நீங்கள் தினமும் பூ வாங்குகிற அம்மாவையே முதலில் கேளுங்கள். "ஏனுங்கம்மா, நீங்க பூக் கட்டறத ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?" பூ வாங்கி முடித்துக் காசு கொடுத்த பிறகு கேளுங்கள், வியாபார நெரிசலில் கேட்காதீர்கள். பெரும்பாலும் தலைமுடியைச் சரி செய்துகொண்டு கேமராவைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் படத்தையும் எடுங்கள், எடுத்துக் காட்டுங்கள். காட்டிய பிறகு "நீங்க பாட்டுக்குக் கட்டுங்க, நான் இப்படி நின்னுக்கறேன்" என்று ஓரமாக நின்றால் இரண்டு நிமிடத்தில் கைகள் பழைய வேகத்துக்கு வந்துவிடும். நீங்கள் கடிதத்தில் எழுதிய படம் அப்போதுதான் கிடைக்கும், நாலடி தூரத்தில், கையளவு வெளிச்சத்தில், நூல் விரலைச் சுற்றி இறுகுகிற நொடியில். அடுத்த வாரம் மறக்காமல் ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உங்களுக்கு வரவேற்பு எப்படி மாறுகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

"எல்லோரும் திரும்பிப் பார்த்தால்?" என்று கேட்டிருந்தீர்கள். 2000-இல் தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. போட்டுக்கொள்ள வெட்கப்படுகிற மாதிரி ஒரு பாடகரின் படம் போட்ட டிஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி, மற்றவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டுக்கொண்டவர்கள் நினைத்தார்கள், உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர். நம்மை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மனசு போடுகிற கணக்கு எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று, கேமரா டிஷர்ட் இல்லை, சிலர் நிஜமாகவே பார்ப்பார்கள், சிலர் கேட்கவும் செய்வார்கள். "எதுக்குங்க எடுக்கறீங்க?" என்றால், "சும்மா ஆசைக்குத்தானுங்க, நல்லா இருந்துச்சு. வேண்டாம்னா அழிச்சிடறேன்" என்று சொல்லி ஸ்கிரீனைக் காட்டுங்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், படபடப்பில் வாய்க்குப் பழகியதுதான் வரும். ஒரு நாள் மறுப்பைத் தேடியே போங்கள், "வேண்டாங்க" என்று ஒருவராவது சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். "சரிங்க, பரவாயில்லைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து பத்தடி போனதும் தெரியும், இத்தனை வருஷமாகப் பயந்தது இதற்குத்தான் என்று.

கூட்டத்தில் எடுக்கிற தைரியம் வந்த பிறகு அவிநாசித் தேருக்குப் போங்கள், சித்திரையில். அன்றைக்குக் கேமராவும் போனும் இல்லாத கையே இருக்காது. காங்கயம் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தையும் கோடையில்தான் கூடும். காங்கயம் காளையைப் பிடித்து நிற்கிறவரிடம் மாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு எடுக்கக் கேட்டால், அவரே மாட்டைத் திருப்பி நிறுத்திக் கொடுப்பார்.

எல்லாப் பயமும் பொய் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெண்கள் தனியாகக் கேமராவோடு நிற்பதில் நிஜமான தொந்தரவும் உண்டு. ஆளில்லாத இடம், குடித்திருக்கிறவர்கள் கூட்டம், யாரோ பின்னாலேயே வருவதாகத் தோன்றுவது, இங்கே நான் சொன்ன நின்று பழகுகிற விதி செல்லாது, உடனே கிளம்பிவிடுங்கள். பொது இடத்தில் படம் எடுக்கப் பொதுவான தடை நம் நாட்டில் இல்லை, ஆனால் பெண்ணின் அந்தரங்கத்தை எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 77-ஆவது பிரிவின்படி குற்றம், எடுப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும். அதற்கும் மேலே, நாம் எந்தப் பெண்ணையும் அவளுக்குத் தெரியாமல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளைப் பெற்றவர்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். கம்பெனிக்குள் முதலாளியின் அனுமதி இல்லாமல் கேமராவே வேண்டாம். கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது, பல கோயில்களில் கேமராவும் அப்படித்தான், ஆகவே வாசலோடு நிறுத்திக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டிய கைகள் வாசலில்தானே இருக்கின்றன.

சரி, கேமராவுக்கு வருகிறேன்.

புதிதாகத்தான் வேண்டுமென்றால் கேனான் ஈஓஎஸ் ஆர்50. 2023-இல் வந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, சிறிய வகைக் கேமரா), பேட்டரி, கார்டோடு 375 கிராம்தான், கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிடும். கேமராவோடு சேர்த்தே விற்கிற 18-45 கிட் லென்ஸோடு விலை உங்கள் தொகையை ஒட்டி வரும், பண்டிகைச் சலுகையில் இன்னும் இறங்கும். ஓசை இல்லாமல் எடுக்கலாம், கோயில் வாசல் அமைதியில் அது நல்லது. ஒளிந்து எடுப்பதற்கு அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று இப்போது தெரியும். வெளியே திரும்புகிற ஸ்கிரீன் இருப்பதுதான் உங்களுக்கு நான் இதைச் சொல்ல முக்கியக் காரணம். கேமராவை நெஞ்சுக்குக் கீழே பிடித்துக்கொண்டு எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே எடுக்கலாம், உங்கள் முகம் அவருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். குறை என்னவென்றால் அந்தக் கிட் லென்ஸ் மங்கலான வெளிச்சத்தில் திணறும். ஆறு மாதம் கழித்துக் காசு சேர்ந்ததும் ஆர்எஃப் 28 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் வாங்குங்கள், 120 கிராம், தட்டையாக இருக்கும். எஃப் எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு அதிக வெளிச்சம் உள்ளே வரும்.

ஆனால் என் தங்கை கேட்டிருந்தால் நான் இதைச் சொல்லியிருப்பேன்: நல்ல நிலையில் இருக்கிற பழைய கேனான் 200டி மார்க் 2 பாடி, அதோடு 24 மி.மீ. எஃப் 2.8 எஸ்டிஎம் லென்ஸ் ஒன்று மட்டும். 2019-இல் வந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை), இதற்கும் ஸ்கிரீன் திரும்பும், ஒரு சார்ஜில் ஆயிரம் படம் தாண்டும். அந்த லென்ஸ் எஃப் 5.6-இல் வருகிறதைப்போல நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும். ஜூம் கிடையாது, பெரிதாக வேண்டுமென்றால் கால்தான் நடக்க வேண்டும். அதற்காகவேதான் சொல்கிறேன். நீங்கள் நடந்து கிட்டப் போக வைக்கிற லென்ஸ் இது. பணமும் மிஞ்சும், பிரிண்ட் போட, அவிநாசிக்கும் கண்ணபுரத்துக்கும் போய்வர. படம் எடுக்கும்போது திறந்து மூடுகிற ஷட்டரின் சத்தம் கொஞ்சம் கேட்கும், நாலாம் படியில் இருக்கிறவருக்கு அது ஒரு பொருட்டாகாது.

பழையது வாங்குவதென்றால் தயவுசெய்து நேரில் பார்த்து வாங்குங்கள். லென்ஸை இரண்டு பக்கமும் மூடி கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். லென்ஸை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு, அது துடைத்தால் போய்விடும், கீறல் என்றால் போகாது. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். உங்கள் கார்டைப் போட்டு இருபது முப்பது படம் எடுத்துப் பாருங்கள், கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும்.

எடுக்க ஆரம்பிக்கும்போது டயலை ஏவி-யில் (எஃப் எண்ணை நாம் சொல்ல, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்கிற முறை) வையுங்கள், எஃப் 4, கிட் லென்ஸ் என்றால் அதில் வருகிற மிகச் சிறிய எண், ஐஎஸ்ஓ எனப்படும் ஒளி உணர்திறன் ஆட்டோ. கைகள் வேகமாக அசைகிற படத்துக்கு ஷட்டர் வேகம் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், மற்றது தானாக வரும்.

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. நல்ல வெளிச்சத்தில் போன் படமும் அருமையாகத்தான் இருக்கும், முதல் படிக்கு உங்களுக்கும் போனைத்தான் சொன்னேன். ஆனால் போனைக் கையில் வைத்திருந்தால் படம் எடுக்கிறீர்களா, வாட்ஸ்அப் பார்க்கிறீர்களா என்று எதிரே இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்கும் நழுவிக்கொள்ள ஒரு வழி இருந்துகொண்டே இருக்கும். கேமராவோடு நின்றால் எதற்கு நிற்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் ஆசைக்கு உங்கள் சீட்டுப் பணத்தில் வாங்குகிறீர்கள், அதற்கு வீட்டில் இவ்வளவு விளக்கம்கூடத் தேவையில்லை.

இன்னொரு விஷயம். போன் எடுக்க, சில்லறை கேட்க என்று நீங்கள் எழுதிய தயக்கம் வேலையைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தாலோ, வெளியே போகவே வேண்டாம் என்று நாட்கள் கழிந்தாலோ, திடீரென்று மூச்சு முட்டி நடுக்கம் வந்தாலோ, கேமராவை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நேரில் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். அழைப்பதே தயக்கம் என்று எனக்குத் தெரியும், முதல் இரண்டு வாக்கியத்தை எழுதி வைத்துப் படியுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

கடைசியாக, கேமராவை ஆன்லைனில் வாங்க வேண்டாம், கடைக்குப் போங்கள், அதுவும் ஒரு படிதான். கூட்டம் குறைவான நேரமாக, மதியம் மூன்று மணி வாக்கில் போனால் நல்லது. "இது கைக்கு எப்படி இருக்குன்னு பார்க்கணுங்க, இன்னிக்கு வாங்கறதா இல்லைங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள், பிடியில் விரல் எங்கே உட்காருகிறது, டயல் எவ்வளவு எளிதாகச் சுற்றுகிறது என்று. நன்றி சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வாருங்கள். மறுவாரம் போய் வாங்குங்கள், இந்தியாவுக்கான வாரண்டி கார்டும் பில்லும் கேட்டு வாங்குங்கள், 64 ஜிபி கார்டு ஒன்று போதும். ஐப்பசி மழை வருவதற்குள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு லென்ஸை அதில் வையுங்கள், பீரோவுக்குள் துணியோடு வேண்டாம். பூக்காரம்மா படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், நோட்டில் எழுதிய எண்களையும் சேர்த்து.